டேக் வைக்கும்போது வெறும் கண்ணா? வெல்டிங் பட்டறையில் கண்ணைக் காப்பது பற்றி (சேலம்)

கொண்டலாம்பட்டி கேட் பட்டறை · செவ்வாய், இரவு 11.50

அவசரம். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

கொண்டலாம்பட்டி பக்கம் சின்னதாக ஒரு கிரில் கேட் பட்டறை வைத்திருக்கிறேன். நானும் ஒரு பையனும்தான். அவனுக்குப் பத்தொன்பது வயது, வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. இன்று காலையிலிருந்து பெரிய கேட் ஒன்றின் வேலை ஓடியது. ஸ்கொயர் ட்யூபை அவன் மூலைமட்டத்தில் பிடிக்க, நான் டேக் வைத்தேன் (முழுதாகப் பற்றவைக்கும் முன் அங்கங்கே சின்னப் பொட்டாக ஒட்டி நிறுத்துவது). சாயங்காலம் ஆறு மணிக்கு சைக்கிள் எடுத்துக்கொண்டு நன்றாகத்தான் வீட்டுக்குப் போனான். பத்து மணிக்கு மேல் அவன் அம்மாவிடமிருந்து போன். கண்ணைத் திறக்கவே முடியவில்லையாம். உள்ளே மணலை அள்ளிக் கொட்டியது போல உறுத்துகிறதாம், தண்ணீராக வழிகிறதாம்.

இப்போது அவன் வீட்டு வாசலில் இருந்துதான் எழுதுகிறேன். ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான். என் செல்போன் வெளிச்சம் பட்டால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, தாய்ப்பால் இரண்டு சொட்டு விட்டால் குளிர்ந்துவிடும் என்கிறார்கள். நந்தியாவட்டைப் பூவும் பறித்து வைத்திருக்கிறார்கள். விடலாமா? பார்வைக்கு ஏதாவது ஆகிவிடுமா?

கண் பிரிவு சிஸ்டர் · செவ்வாய், நள்ளிரவு 12.05

தாய்ப்பால் வேண்டாம். பூவும் வேண்டாம். கண்ணுக்குள் எதையும் விடாதீர்கள். கண் பிரிவில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

முதலில் மூன்று கேள்வி. இரண்டு கண்ணும் ஒரே மாதிரி வலிக்கிறதா, ஒன்றில் மட்டும் அதிகமா? இன்று கிரைண்டரில் நின்றானா? சுத்தியல், உளி வேலை ஏதாவது செய்தானா?

கொண்டலாம்பட்டி கேட் பட்டறை · 12.12

இரண்டும் வலிக்கிறது, இடது கண் கொஞ்சம் அதிகம் என்கிறான். உளி வேலை இல்லை. கட்டிங் வீல் நேற்றும் இன்றும் அவன்தான் பிடித்தான்.

கண் பிரிவு சிஸ்டர் · 12.25

சரி, பதறாதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஆர்க் வெளிச்சம், அதாவது ராடு முனையில் எரியும் மின்பொறியின் வெளிச்சம், அடித்ததுதான். வெல்டிங் ஆர்க்கிலிருந்து வரும் புற ஊதாக் கதிர் கண்ணுக்குத் தெரியாது. கருவிழியின் மேல் இருக்கும் மெல்லிய தோலை அது வேக வைத்துவிடுகிறது. வெயிலில் நின்றால் முதுகுத்தோல் கருகி இரண்டு நாளில் உரிகிறதே, அதேதான். பட்டவுடன் வலிக்காது. ஆறு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் அந்தத் தோல் உதிரத் தொடங்கும், அடியில் இருக்கும் நரம்பு வெளியே தெரியும். அதனால்தான் பட்டறையில் சிரித்துக்கொண்டிருந்த பையன் நடு இரவில் அழுகிறான். உடம்பிலேயே நரம்பு மிக நெருக்கமாக ஓடும் இடம் கருவிழி. அவன் வலியை மிகைப்படுத்துகிறான் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியது: சுத்தமான துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமையின் மேல் வையுங்கள். கசக்கக் கூடாது, அவன் தூக்கத்தில் கசக்காமல் அம்மாவைப் பக்கத்தில் படுக்கச் சொல்லுங்கள். வேறு நோய், ஒவ்வாமை இல்லையென்றால் வலிக்கு ஒரு பாராசிட்டமால் மாத்திரை கொடுக்கலாம். அறை இருட்டாகவே இருக்கட்டும்.

தாய்ப்பால் ஏன் கூடாது என்றால், மேல்தோல் உரிந்து கிடக்கும் கருவிழி திறந்த புண். அதில் எந்தக் கிருமி போனாலும் பிடித்துக்கொள்ளும். தோட்டத்துப் பூவில் பூஞ்சை இருக்கும். ஆர்க் அடித்தது இரண்டு மூன்று நாளில் தானாக ஆறிவிடும், ஆனால் மேலே ஒரு பூஞ்சைப் புண் வந்துவிட்டால் மாதக்கணக்கில் அலைய வேண்டும், தழும்பும் நிற்கும்.

பார்வை போகும் அளவுக்கு இது பெரும்பாலும் போகாது. ஆனால் இடது கண் கூடுதலாக வலிக்கிறது என்கிறீர்களே, அது எனக்குப் பிடிக்கவில்லை. காலையில் முதல் வேலையாகக் கண் டாக்டரிடம் காட்டுங்கள்.

கொண்டலாம்பட்டி கேட் பட்டறை · புதன், மதியம் 2.30

சிஸ்டர், கோடி நன்றி. காலை ஏழரைக்கே கூட்டிப் போய்விட்டோம். டாக்டர் ஒரு மஞ்சள் சாயத்தைக் கண்ணில் தொட்டுவிட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தார். என்னையும் கருவி வழியாகப் பார்க்கச் சொன்னார். கருவிழி முழுக்க ஊசியால் குத்தியதுபோலப் பச்சைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் தோல் போன இடம் என்றார்.

அப்புறம் இடது கண்ணின் மேல் இமையை மடக்கிப் பார்த்தார். உள்பக்கம் ஒட்டிக்கொண்டு ஒரு இரும்புத் துணுக்கு. கடுகில் கால்வாசிகூட இருக்காது. இமைக்கும்போதெல்லாம் கருவிழியை மேலிருந்து கீழாகக் கீறிக்கொண்டே இருந்திருக்கிறது. பஞ்சு சுற்றிய குச்சியால் எடுத்தார். ஆக, இவனுக்கு வெல்டிங்கும் கிரைண்டரும் சேர்ந்தே அடித்திருக்கிறது.

இன்னொன்று. பார்ப்பதற்கு முன்னால் மரத்துப்போகும் சொட்டு ஒன்று விட்டார்கள். ஒரு நிமிடத்தில் பையன் கண்ணைத் திறந்து சிரித்தான். "அண்ணா, இந்த மருந்தையே வாங்கிடலாம்ணா" என்றான். டாக்டர் கண்டிப்பாகத் தர மாட்டேன் என்றுவிட்டார். கிருமி வராமல் இருக்க ஒரு சொட்டு, கண் காயாமல் இருக்க ஒரு சொட்டு, வலிக்கு மாத்திரை, வெள்ளிக்கிழமை திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்.

கடைசியில் டாக்டர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "இவனுடைய ஷீல்டு எங்கே?" பட்டறையில் இருப்பது ஒரே ஷீல்டு, அது என்னுடையது. டேக் வைக்கும்போது அதையும் நான் எடுப்பதில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டு தட்டுவேன். இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான் செய்கிறேன். நேற்று இரவு அவன் அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. நீங்கள் எல்லாம் டேக் எப்படி வைக்கிறீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள்.

கண் பிரிவு சிஸ்டர் · புதன், 3.10

அந்த மரத்துப்போகும் சொட்டைப் பற்றி எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அதன் பெயர் ப்ரோபராகைன், அல்லது அதே வகையில் வேறொன்று. பரிசோதனைக்கு மட்டும்தான். கால் மணி, இருபது நிமிடம் வலி இருக்காது, திரும்ப வரும், திரும்ப விடத் தோன்றும். அதை விட விடப் புதுத் தோல் வளர்வது நின்றுவிடும். கருவிழி கரைந்து ஓட்டையாகும் நிலைவரை போகும். உள்ளே துணுக்கு இருந்தாலும் தெரியாது. வெல்டர்கள் இதை மருந்துக்கடையில் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடுங்கள். "போன தடவை கொடுத்த சொட்டு" என்று ஸ்டீராய்டு கலந்ததை எடுத்து விடுவதும் அதே அளவு ஆபத்து.

சூரமங்கலம் ஃபிட்டர் · புதன், இரவு 8.40

தம்பி, நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். முப்பத்து நான்கு வருடம் ஒப்பந்த வேலை. ஸ்டீல் பிளான்ட் ஷட்டவுன் வேலையில் நின்றிருக்கிறேன், சேகோ ஆலை டேங்க், பள்ளிக்கூட ஷெட், எல்லாம் பார்த்தாயிற்று. கண் அடிபடுவது முழுத் தையல் (இணைப்பு நெடுக ராடு ஓட்டுவது) போடும்போது இல்லை. முழுத் தையலுக்கு எவனும் ஷீல்டு இல்லாமல் உட்கார மாட்டான், உட்கார முடியாது. அடிபடுவது டேக்கில்தான்.

ஏன் என்று யோசித்துப் பாருங்கள். ஹோல்டர் ஒரு கையில். ஷீல்டு இன்னொரு கையில். ஆங்கிளை யார் பிடிப்பது? மூன்றாவது கை கிடையாது. ஒன்று ஷீல்டை கீழே வைத்துவிட்டு இடது கையால் இரும்பைப் பிடிப்போம், இல்லையென்றால் ஒரு பையனைப் பிடிக்கச் சொல்வோம். முதல் வழியில் நம் கண் போகிறது, இரண்டாவதில் பையன் கண் போகிறது. இது சோம்பேறித்தனம் இல்லை. கையில் பிடிக்கும் ஷீல்டை வைத்துக்கொண்டு டேக் வைக்கவே முடியாது. கருவியே அப்படி. அதனால் "கவனமாக இரு, கவனமாக இரு" என்று பையனிடம் ஆயிரம் தடவை சொன்னாலும் ஒரு பயனும் இல்லை. கருவியை மாற்ற வேண்டும்.

நான் மாற்றியது மூன்று. தலையில் மாட்டும் ஹெல்மெட் வாங்கினேன், கை விடுபட்டது. மூலையை மட்டமாகப் பிடித்துக்கொள்ளும் காந்தம், மேக்னெட் ஆங்கிள், நாலு வாங்கினேன், சி கிளாம்ப் ஆறு வாங்கினேன், பையன் பிடிக்க வேண்டிய வேலையே முக்கால்வாசி போய்விட்டது. மிச்சம் இருக்கும் கால்வாசிக்கு அவனுக்கும் தனியாக ஒரு ஹெல்மெட். மேக்னெட்டுக்குக் கொடுத்த காசு ஒரு கேட்டிலேயே திரும்பிவிடும், மட்டம் பார்க்கிற நேரம் மிச்சம்.

ஓமலூர் பையா · புதன், 9.15

அண்ணா, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு டேக் வைத்தால் போதாதா? எங்கள் பட்டறையில் எல்லாரும் அப்படித்தான். எனக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை.

கண் பிரிவு சிஸ்டர் · புதன், 9.40

தம்பி, மூடிய இமை அந்தக் கதிரைப் பெரும்பாலும் தடுக்கும், அது உண்மைதான். ஆனால் நீங்கள் எப்போது மூடுகிறீர்கள்? ராடு எங்கே தொடுகிறது என்று பார்த்துவிட்டுத்தானே? பொறி கிளம்பிய பிறகுதான் இமை இறங்குகிறது. "பிடித்துவிட்டதா" என்று பார்க்க ஆர்க் அணைவதற்குள் திறப்பீர்கள். ஒரு கேட்டுக்கு நாற்பது டேக் என்றால் அந்தத் துளித்துளி எல்லாம் சேரும். ஒரு நாளில் பட்டது அத்தனையையும் கருவிழி கூட்டிக்கொண்டே போகும். பக்கத்தில் நிற்பவர் நிலை இன்னும் மோசம். நீங்கள் எப்போது தட்டப் போகிறீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

அப்புறம், "ஒன்றும் ஆகவில்லை" என்பதைப் பற்றி. வலி வருவது கருவிழியில் பட்டால்தான். ஆர்க்கின் கண்கூசும் வெளிச்சம், குறிப்பாக அந்த நீல வெளிச்சம், விழித்திரைவரை போகிறது. விழித்திரைக்கு வலி தெரியாது. பல வருடம் கழித்துப் படிக்கும்போது நடுவில் ஒரு எழுத்து விழுங்கப்படும், அவ்வளவுதான் அறிகுறி. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-ல் கூடி, வெல்டிங்கில் வரும் புற ஊதாக் கதிரைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்தது. கண்ணுக்குள் வரும் மெலனோமா என்ற கட்டியை வைத்துத்தான் அந்த முடிவு. அரிய நோய்தான், பயமுறுத்தச் சொல்லவில்லை. பழகிவிட்டது என்று சொல்கிறோமே, கண் எதற்கும் பழகுவதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

சங்ககிரி லாரி பாடி · வியாழன், காலை 7.20

ஃபிட்டர் அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு. தானாகக் கருக்கும் ஹெல்மெட் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. ஆர்க் இல்லாதபோது இளம் பச்சையாக இருக்கும், ராடு முனை தெரியும், இரும்பு தெரியும். பொறி வந்த கணத்தில் கருத்துவிடும். டேக் வைப்பதற்கென்றே செய்தது போல இருக்கிறது. தலையை வெடுக்கென்று ஆட்டி மூடியை இறக்கும் வேலை இல்லை, கழுத்து வலியும் குறைந்தது.

குகை வெல்டிங் · வியாழன், 8.05

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இந்தச் சித்திரை வெயிலில், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கு அடியில், அதைத் தலையில் மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். வேர்வை கண்ணுக்குள் இறங்குகிறது, அதுவே எரிகிறது. இணையத்தில் எழுநூறு ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். சந்துக்குள் குழாய் பற்றவைக்கும்போது கருக்கவே இல்லை, பளீரென்று அடித்தது. அன்றைக்கே மூலையில் போட்டுவிட்டேன். என் பழைய கை ஷீல்டு என்னை ஏமாற்றியதில்லை.

சங்ககிரி லாரி பாடி · வியாழன், 8.30

அண்ணா, கருக்காமல் போனதற்குக் காரணம் சொல்லட்டுமா? முன்பக்கம் இரண்டு சென்சார் அல்லது நாலு சென்சார் இருக்கும். குழாய்க்குப் பின்னால் ஆர்க் மறைந்தால் இரண்டு சென்சார் ஹெல்மெட் தடுமாறும். நாலு சென்சார் வாங்க வேண்டும். ஆம்பியர் குறைவாக வைத்து டிக் (வாயு விட்டு ஓட்டும் வெல்டிங்) அடித்தாலும் மலிவு ஹெல்மெட்டுக்குத் தெரியாது, சென்சிடிவிட்டி திருகை ஏற்ற வேண்டும். பேட்டரி தீர்ந்ததா என்று நான் தினமும் கையில் பிடித்து வெயில் பக்கம் காட்டிப் பார்ப்பேன். கருத்தால்தான் தலையில் ஏற்றுவேன். வேர்வைக்கு நெற்றிப் பட்டையில் பழைய பனியன் துணியைச் சுற்றி, மதியம் ஒரு தடவை மாற்றிவிடுங்கள்.

பழைய ஐ.டி.ஐ. வாத்தியார் · வியாழன், 11.00

இதில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தரமான தானாகக் கருக்கும் வடிகட்டி, கருக்காத நிலையிலும் புற ஊதாக் கதிரையும் அகச்சிவப்புக் கதிரையும் தடுத்துக்கொண்டேதான் இருக்கும். அந்தத் தடுப்பு மேலே பூசிய படலத்தில் இருக்கிறது, பேட்டரியில் இல்லை. கருப்பது கண்கூசும் வெளிச்சத்துக்காக மட்டும். ஆகவே ஒரு தடவை கருக்கத் தவறினால் கண் கூசும், ஆனால் இரவில் மணல் உறுத்தல் வரக் கூடாது. வந்தால் அந்த ஹெல்மெட் போலி என்று அர்த்தம். ஈ.என். 379 என்ற ஐரோப்பியத் தர எண்ணோ, அதற்குப் பதிலாக வந்த ஐ.எஸ்.ஓ. 16321 என்ற எண்ணோ வடிகட்டியிலேயே அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியில் அச்சிட்டிருந்தால் மட்டும் நம்பாதீர்கள்.

கருப்புக் கண்ணாடி வாங்குகிறவர்களுக்கும் அதேதான். மூலையில் கண்ணாடியிலேயே எண் பொறித்திருக்கும். 12 நம்பர், 10 நம்பர் ராடு, நூறு ஆம்பியரைச் சுற்றி ஓட்டுகிற கேட் வேலைக்குக் கண்ணாடி எண் 10 அல்லது 11 போதும். தடித்த 8 நம்பர் ராடு போட்டு இருநூறு ஆம்பியருக்கு ஏற்றினால் 12-ம் எண் கண்ணாடிக்குப் போங்கள். கேஸ் வெல்டிங்குக்கு 4 முதல் 6 வரை, கேஸ் கட்டிங்குக்கு 3 முதல் 5 வரை. அளவுக்கு மேல் இருட்டான கண்ணாடியும் தப்பு. தையல் தெரியாமல் ஓரமாக எட்டிப் பார்ப்பீர்கள், எட்டிப் பார்த்தால் போயிற்று. நம் நாட்டில் வெல்டிங் முகக் கவசத்துக்கு ஐ.எஸ். 1179 என்று 1967-லிருந்தே தர அளவு இருக்கிறது. எண்ணே இல்லாத கருப்புக் கண்ணாடியைக் கடைக்காரர் நீட்டினால் அது வெறும் சாயக் கண்ணாடி. கூலிங் கிளாஸ், எக்ஸ்ரே பிலிம் எல்லாம் வெளிச்சத்தைக் குறைத்துக் காட்டும். கூச்சம் இல்லாததால் இன்னும் நேரம் நின்று பார்ப்பீர்கள், கதிர் உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

கருப்புக் கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் வெள்ளைக் கண்ணாடியை யாரும் மாற்றுவதே இல்லை. பொறி பட்டுப் பட்டு அம்மை விழுந்தது போல ஆகிவிடும். அதன் வழியாக ஒன்றும் தெரியாமல்தான் பாதிப் பேர் ஷீல்டை விலக்குகிறார்கள். பத்து ரூபாய் சாமான். டஜனாக வாங்கி வையுங்கள். விரிசல் விட்ட கருப்புக் கண்ணாடியில் டேப் ஒட்டி ஓட்டுவதை மாணவர்களிடம் நிறையப் பார்த்திருக்கிறேன், பார்த்த அன்றே அவர்கள் கண் முன்னால் உடைத்துப் போட்டுவிடுவேன்.

செவ்வாய்பேட்டை 47 · வியாழன், மதியம் 1.15

வாத்தியார் எட்டிப் பார்ப்பதைப் பற்றிச் சொன்னதும் எனக்குச் சுரீர் என்றது. எனக்கு நாற்பத்தேழு வயது. இரண்டு வருடமாக அடிக்கடி கண்ணில் ஆர்க் அடிக்கிறது, ஷீல்டு சரியில்லை என்று மூன்று ஷீல்டு மாற்றினேன். கடைசியில் பார்த்தால் கிட்டப் பார்வைக்கு எனக்குக் கண்ணாடி தேவைப்பட்டிருக்கிறது. தையல் மங்கலாகத் தெரிய, என்னை அறியாமல் ஷீல்டை விலக்கி விலக்கிப் பார்த்திருக்கிறேன். இப்போது ப்ளஸ் ஒன்றரை கண்ணாடி போட்டுக்கொண்டு அதன் மேல் ஹெல்மெட். நாற்பது தாண்டியவர்கள் ஒரு தடவை பரிசோதித்துவிடுங்கள்.

ஏற்காடு சைட் வேலை · வியாழன், இரவு 9.00

மலை மேல் நடந்ததைச் சொல்கிறேன், சமவெளிக்காரர்களுக்கு இது தோன்றாது. இரண்டு வருடம் முன்பு ஒரு காபி எஸ்டேட்டில் பல்ப்பர் மெஷினுக்கு ஸ்டாண்டு அடிக்கிற வேலை, ஜெனரேட்டர் வைத்து ஓட்டினோம். மதியத்துக்கு மேல் மேகம் இறங்கிவிட்டது. பத்தடி தள்ளி ஆள் தெரியவில்லை. குளிரில் என் மூச்சுப் பட்டே ஷீல்டுக் கண்ணாடி பனித்துவிட்டது. துடைத்துத் துடைத்து அலுத்துப்போய், இவ்வளவு மேகத்தில் வெளிச்சம் என்ன செய்துவிடப் போகிறது என்று நாலைந்து டேக்கை வெறும் கண்ணில் வைத்தேன்.

இரவு ஒரு மணிக்கு ஆரம்பித்தது. எஸ்டேட் லைனில் படுத்திருக்கிறோம், அந்த நேரத்துக்கு வண்டி கிடையாது, கண் டாக்டருக்குச் சேலம்தான் இறங்க வேண்டும். விடியும்வரை தலையை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காலையில் மேஸ்திரி பைக் பின்னால் ஏறி, தலையோடு துண்டைப் போர்த்திக்கொண்டு இறங்கினேன். இருபது கொண்டை ஊசி வளைவையும் கண்ணால் பார்க்கவில்லை, வண்டி சாய்வதை வைத்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்தேன். அடிவாரம் வந்துவிட்டது என்பதே குரங்குகளுக்குப் பொரி விற்பவர் சத்தம் கேட்டுத்தான் தெரிந்தது.

பனிப்பதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். பாத்திரம் கழுவும் சோப்பை ஒரு சொட்டு விரலில் எடுத்துக் கண்ணாடியின் உள்பக்கம் தேய்த்து, காய்ந்த துணியால் தெளிவாகும்வரை துடைத்துவிடுங்கள். அரை நாள் பனிக்காது. மலைக்கு ஏறும்போது பையில் கண் காயாமல் இருக்கும் சொட்டு ஒரு புட்டியும், பாராசிட்டமால் ஒரு அட்டையும் இல்லாமல் போவதில்லை.

தாதகாப்பட்டி · வியாழன், 10.30

எல்லோரும் ஆர்க்கைப் பற்றியே பேசுகிறீர்கள். ஆர்க் அடித்தால் மூன்று நாளில் திரும்பிவிடும். என் அண்ணனுக்குத் திரும்பவில்லை.

ஒரு பட்டறையில் தேய்ந்த உளியை வைத்துப் பழைய ரிவிட்டை வெட்டிக்கொண்டிருந்தார். உளித் தலை காளான் மாதிரி விரிந்திருந்தது, யாரும் அதைத் தேய்த்துச் சரிசெய்யவில்லை. "சுருக்குன்னு ஒண்ணு குத்துச்சு, அவ்வளவுதான்" என்றார். ரத்தம் இல்லை. கண்ணைக் கழுவிவிட்டு அன்று முழுக்க வேலை பார்த்தார். இரண்டு மாதம் கழித்துப் பார்வை மங்குகிறது என்று போனால், எக்ஸ்ரேயில் கண்ணுக்குள்ளே இரும்புத் துண்டு. அது உள்ளேயே துருப்பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அறுவை செய்து எடுத்தும் வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது. 1923-ம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் ஒரு கண் பார்வை போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் இழப்பு என்று போட்டிருந்தது. அவர் இன்றைக்கும் டம்ளரில் தண்ணீர் ஊற்றும்போது விளிம்பை விரலால் தொட்டுப் பார்த்துத்தான் ஊற்றுகிறார். அதற்கு எந்த அட்டவணையில் சதவீதம் இருக்கிறது?

கண் பிரிவு சிஸ்டர் · வியாழன், 11.05

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. உங்கள் அண்ணனுக்கு நடந்தது எத்தனையோ பேருக்கு நடக்கிறது. வேகமாகப் பாயும் சின்னத் துண்டு வலியே இல்லாமல் உள்ளே போய்விடும், நுழைந்த ஓட்டை தானே மூடிக்கொள்ளும். அதனால் இரும்பின் மேல் இரும்பு அடிக்கும்போது கண்ணில் சுருக்கென்றால், வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் அன்றைக்கே எக்ஸ்ரே அல்லது சி.டி. ஸ்கேன் பார்க்க வேண்டும். எம்.ஆர்.ஐ. மட்டும் கூடாது. காந்தம் உள்ளே இருக்கும் இரும்பை இழுத்துவிடும். வேறு நோய்க்கு எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனாலும், பட்டறை வேலை செய்கிறவர் என்று முதலிலேயே சொல்லுங்கள்.

ஏதாவது குத்தி வெளியே நீட்டிக்கொண்டு நின்றால் பிடுங்காதீர்கள், கழுவாதீர்கள், அழுத்திக் கட்டாதீர்கள். ஒரு காகித டம்ளரைக் கண்ணின் மேல் கவிழ்த்து ஒட்டி, அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வாருங்கள். வெறும் தூசி என்றால் சுத்தமான தண்ணீரைத் தாரையாக விட்டுக் கழுவலாம். தீக்குச்சி, வேட்டி முனை, நாக்கால் எடுப்பது எல்லாம் வேண்டாம். இரும்புத் துணுக்கு கருவிழியில் ஒரு நாள் இருந்தாலே சுற்றிலும் துரு வளையம் போட்டுவிடும். துணுக்கை நீங்கள் எடுத்தாலும் துரு அங்கேயே நிற்கும்.

சூரமங்கலம் ஃபிட்டர் · வெள்ளி, காலை 6.50

தாதகாப்பட்டி தம்பி, அண்ணனை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

கருப்புக் கண்ணாடியைத் தூக்கியதும் கண் வெறும் கண்ணாகிவிடுகிறது, ஆனால் சிப்பிங் சுத்தியலை அப்போதுதான் எடுக்கிறோம். சூடான கசடு கண்ணாடித் துண்டு மாதிரி தெறிக்கும். அதனால் ஹெல்மெட்டுக்கு அடியில் நிறமில்லாத பாலிகார்பனேட் கண்ணாடி காலையிலிருந்து மாலைவரை கழற்றாமல் இருக்க வேண்டும். அது புற ஊதாவையும் தடுக்கும், பக்கத்து ஆளின் பொறி பின்பக்கமாக வந்து அடிப்பதையும் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். ஆர்க்கை நேராகப் பார்க்க மட்டும் அது போதாது. நூறு ரூபாய் சுற்றித்தான் விலை.

பனங்காடு கொலுசுப் பட்டறை · வெள்ளி, 9.30

எங்களுக்கு ஆர்க் இல்லை, கேஸ் டார்ச்சில் பொடி வைத்து ஊதி வெள்ளியைப் பற்றவைக்கிறோம். வெளிச்சத்தைவிட வெங்காரம் பொரிந்து தெறிப்பதும், ஆசிட்டில் போடும்போது துளி தெறிப்பதும்தான் பயம். எங்களுக்கு என்ன கண்ணாடி?

பழைய ஐ.டி.ஐ. வாத்தியார் · வெள்ளி, 10.10

பொடி வைத்து ஊதுவதற்கு 3-ம் எண் அல்லது 4-ம் எண் போதும். ஆசிட்டுக்கு அது ஆகாது, முகத்தோடு ஒட்டிப் பக்கமெல்லாம் மூடிய காகிள்ஸ் தனியாக வேண்டும். ஆசிட் பட்டால் டாக்டரைத் தேடுவதற்கு முன்னால் குழாயடிக்கு ஓடுங்கள், கால் மணி நேரத்துக்குக் குறையாமல் இமையை விரித்துப் பிடித்துக் கழுவிவிட்டு அப்புறம் கிளம்புங்கள்.

எஸ்.எஸ். ரெய்லிங் · வெள்ளி, 12.40

புதிதாக வந்திருக்கும் லேசர் வெல்டிங் துப்பாக்கி வாங்கியிருக்கிறோம். பொறியே இல்லை, வெளிச்சம் கம்மி, பையன்கள் சும்மாவே நின்று பார்க்கிறார்கள். அதற்கும் கருப்புக் கண்ணாடி தேவையா?

பழைய ஐ.டி.ஐ. வாத்தியார் · வெள்ளி, 12.55

உடனே நிறுத்துங்கள். இந்த இழையிலேயே மிக ஆபத்தானது இதுதான்.

ஃபைபர் லேசரின் அலைநீளம் 1070 நானோமீட்டர் வாக்கில். கண்ணுக்குத் தெரியாது. கருவிழியைச் சுடாது, அதனால் இரவு வலி வந்து எச்சரிக்கவும் செய்யாது. கருவிழியும் லென்சும் அதை அப்படியே குவித்து விழித்திரையில் ஒரு புள்ளியாக இறக்கும். ஒரு கணம் போதும், அந்த இடம் செத்துவிடும், திரும்பாது. எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) பளபளப்பில் பட்டுத் திரும்பும் கதிரே போதும். வெல்டிங் கருப்புக் கண்ணாடி இதற்குச் செய்தது இல்லை. 1064 முதல் 1080 நானோமீட்டர் என்றும், ஓ.டி. (கதிரைத் தடுக்கும் அளவு) 6 அல்லது அதற்கு மேல் என்றும் அச்சிட்ட லேசர் கண்ணாடிதான் போட வேண்டும், அறைக்குள் இருக்கும் ஒவ்வொருவரும். நாலு பக்கமும் மூடிய அறை வேண்டும், கதவைத் திறந்தால் இயந்திரம் நிற்க வேண்டும். தெருவைப் பார்த்த பட்டறையில் அதை ஓட்டவே கூடாது.

எஸ்.எஸ். ரெய்லிங் · வெள்ளி, 1.05

நிறுத்திவிட்டேன் சார். கண்ணாடி வந்து, அறை கட்டி முடிக்கும்வரை பழைய டிக் மெஷின்தான்.

அம்மாபேட்டை அம்மா · வெள்ளி, மாலை 5.20

நான் வெல்டர் இல்லை. எங்கள் தெரு முனையில் ஒரு பட்டறை. நாலரை மணிக்குப் பள்ளி விட்டதும் பிள்ளைகள் வரிசையாக நின்று அந்த நீல வெளிச்சத்தை வேடிக்கை பார்க்கிறார்கள். போன வருடம் என் மகன் ஒரு இரவு முழுக்க அழுதான், மெட்ராஸ் ஐ என்று நினைத்துவிட்டோம். தயவுசெய்து வாசலில் ஒரு தார்ப்பாயாவது கட்டுங்கள் அண்ணா.

கொண்டலாம்பட்டி கேட் பட்டறை · ஞாயிறு, இரவு 8.15

வெள்ளிக்கிழமை காட்டினோம். பச்சைப் புள்ளி எல்லாம் போய்விட்டது, இடது கண்ணில் கீறல் மட்டும் மயிரிழை போலத் தெரிந்தது, அதுவும் ஆறிவிடும் என்றார். திங்களிலிருந்து வேலைக்கு வரலாம். நான் வியாழன்வரை இருக்கச் சொல்லிச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நேற்று கடைவீதி போனேன். நாலு சென்சார் ஹெல்மெட் இரண்டு, மேக்னெட் ஆங்கிள் நாலு, பாலிகார்பனேட் கண்ணாடி மூன்று (ஒன்று, கேட் அளவு பார்க்க வரும் வீட்டுக்காரருக்கு), வெள்ளைக் கண்ணாடி ஒரு டஜன். ஹெல்மெட்டில் வடிகட்டியைக் கழற்றி எண் பார்த்துத்தான் வாங்கினேன், கடைக்காரர் கொஞ்சம் முகம் சுளித்தார். எல்லாம் சேர்த்து நாலாயிரத்துச் சொச்சம். அம்மாபேட்டை அம்மா, வாசலில் பழைய லாரித் தார்ப்பாயை இரண்டு ஆள் உயரத்துக்குக் கட்டிவிட்டேன். காற்றுக்குத் தூக்காமல் அடியில் ஒரு ஆங்கிளைக் கோர்த்திருக்கிறேன்.

1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 35-ம் பிரிவு, தெறிக்கும் துணுக்கிலிருந்தும் அதிக வெளிச்சத்திலிருந்தும் கண்ணைக் காக்கத் திரையோ கண்ணாடியோ கொடுக்கச் சொன்னது என்று வாத்தியார் தனியாக எழுதியிருந்தார். இரண்டு பேர் பட்டறைக்கு அந்தச் சட்டம் வரவில்லையாம். பையனுடைய அம்மாவிடம் ஹெல்மெட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். கையில் வாங்கி, அதைப் போட்டுப் பார்த்து, வீட்டு வாசல் பல்பை அண்ணாந்து பார்த்தார். "நல்லாத் தெரியுதே, இதப் போட்டுக்கிட்டா வேலை செய்வாங்க?" என்று கேட்டார். ஆமாங்கம்மா என்றேன்.

சூரமங்கலம் ஃபிட்டர் · ஞாயிறு, 8.40

நல்லது தம்பி. ஹெல்மெட்டை மாட்ட இரண்டு ஆணி அடியுங்கள், மெஷின் சுவிட்ச்சுக்குப் பக்கத்திலேயே. தூரத்தில் மாட்டினால் டேக்குக்கு எடுக்க மாட்டோம்.

கொண்டலாம்பட்டி கேட் பட்டறை · ஞாயிறு, 8.55

சுவிட்ச்சுக்கு மேலேயே அடித்துவிட்டேன் அண்ணா. அவனுடையது இடது பக்கம்.